ஏழு பத்து

பள்ளத்தூரில் ஏழு பத்துக்கு எடுக்கும் டவுன் பஸ்ஸில்
பெண்களுக்கு டிக்கெட் இலவசம்.
பின்கதவை ஒட்டிய நீள சீட் மட்டும்
இலவசமில்லை.
அதை யாரும் எழுதி ஒட்டவில்லை.
நான் முதல் நாளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

உண்ணாமலைக்கு ஜவுளிக்கடையில் கல்லா.
ஜெய்னம்புக்கு மருந்துக்கடை.
பிலோமின் காலேஜ் விடுதியில் நூற்றிருபது பேருக்கு வடிப்பவள்.
முன்சீட்டிலிருந்தே கழுத்தைத் திருப்பி
கடைசி வார்த்தையைப் பிடுங்கிக்கொள்வாள் அழகம்மை.

கோட்டையூர் வருமுன் ஒரு வழக்கு தொடங்கிவிடும்.
தங்கம் இன்னும் ஏறுமா?
வெள்ளைப் பணியாரத்துக்கு ஆழாக்குப் பச்சரிசி மேல்
உளுந்து கோபுரம் கட்டணுமா, தலைதட்டணுமா?
சினிமாக்காரனுக்குப் பெரிய வீட்டை
நாள் வாடகைக்கு விட்டால்
பதினேழு பங்காளிக்கும் பிரிப்பதா,
சாவி வைத்திருப்பவனுக்கே விடுவதா?

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதிலிருந்தது.
"எங்க ஆம்பூர்ல" என்று தொடங்கும் பதில்.
பதினோராவது ஆம்பூரில்
பிலோமின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
வெளியே சீமைக்கருவேலம் தவிர ஒன்றுமில்லை.
அதை அப்படி ரசித்துப் பார்த்தாள்.

பிறகு நான் திருந்தினேன் என்று சொன்னால் பொய்.
கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள்.
நான்கு நாள் வாயில் பஞ்சு.

பேச முடியாதவளுக்குத்தான் கேட்கிறது,
உளுந்துச் சண்டை உளுந்தைப் பற்றியது இல்லையென்று.
உண்ணாமலையின் மாமியார் அதில் இருந்தார்,
ஒருமுறைகூடப் பெயர் சொல்லாமல்.
வாடகை வழக்கில் அழகம்மையின் தம்பி இருந்தான்.
இது தெரியாமல் நான்
நடுவில் புகுந்து
நியாயம் சொல்லியிருக்கிறேன், பதினோரு தடவை.

ஐந்தாம் நாள் ஜெய்னம்பு கேட்டாள், என்னையில்லை,
பொதுவாக, மேல்கம்பியைப் பார்த்து:
"காப்பீட்டு அட்டைக்கு ஸ்கேன் எடுக்கிறாங்களா,
காசு கட்டணுமா?"
நான் வேலை பார்ப்பதே ஸ்கேன் சென்டரில்.
வாய் வரை ஒரு பதில் வந்தது.
அது பாதிதான் சரியென்று எனக்கே தெரியும்.
"கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.
மறுநாள் ஒரு துண்டுத் தாள்:
எந்த ஸ்கேனுக்கு உண்டு, எதற்கு இல்லை,
எந்த நகல் இரண்டு வேண்டும்,
மதியம் யாரிடம் போகக் கூடாது.

யாரும் நன்றி சொல்லவில்லை.
தாள் மட்டும் நான்கு கைப்பைகளுக்குப் போய் வந்தது.
பத்து நாள் கழித்து
முன்சீட்டில் அழகம்மை யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாள்:
"ஸ்கேன் பொண்ணு சொன்னா, சரியாத்தான் இருக்கும்."
பெயர் இன்னும் இல்லை.
ஆனால் "சரியாத்தான்" இருந்தது.

அதைக் கெடுத்தேன்.
வியாழக்கிழமை பஸ் ஓடாது என்றேன்.
அடுத்த வியாழனாம் அது.
பிலோமினுக்கு ஒரு நாள் கூலி போயிற்று.
வெள்ளியன்று ஏறியதும், உட்காருமுன்,
கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்:
"தப்பு என்மேல. தேதி பார்க்காம சொல்லிட்டேன்."
டிரைவர் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது.
பிலோமின் தூக்குவாளியை மடிக்கு ஏற்றிக்கொண்டு
ஒரு சாண் நகர்ந்தாள்.
"உட்காரு குணவதி, விழுந்துடப் போற."

ஸ்ரீராம் நகர் கேட் மூடியிருந்தது அன்று.
சரக்கு ரயில், முடிவே இல்லாத பெட்டிகள்.
தங்கம் இறங்கும் என்றேன் மெதுவாக.
"இல்லடி, உனக்கு என்ன தெரியும்" என்று
மூன்று பேர் ஒரே குரலில் பாய்ந்தார்கள்.
வேலைக்குச் சேர்ந்தபோதுகூட
நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இந்தத் திங்களிலிருந்து ஒருத்தி புதிதாக ஏறுகிறாள்.
நீள சீட்டின் ஓரம். நல்ல பெண்.
"எங்க பொள்ளாச்சியில" என்கிறாள்.
இன்றோடு ஏழு.
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
அவளுக்குக் கொடுக்க
என்னிடம் பல்வலி இல்லை.