சொல்லுக்குப் பதினெட்டு சென்

பட்டர்வொர்த் நாற்காலிக் கடைக்காரர்
மிஸ்டர் கூய் அனுப்பிய கையேடு,
முப்பத்திரண்டு பக்கம்:
வீட்டில் இருந்தே வேலை செய்வோருக்கான ஃபெங் சுய்.
நாற்காலி வாங்குகிறவர்களுக்கு இலவசம்.
தமிழ்ச் சொல் ஒன்றுக்குப் பதினெட்டு சென்
எனக்கு.

ஜெலுத்தோங் அடுக்ககத்தில்
பதின்மூன்று ஏ மாடி.
பதினான்கு என்று சொல்ல
லிஃப்டுக்கு வாய் வராது.

'கதவைப் பார்த்து அமர்க' என்று அடித்துவிட்டுத்
திரும்பிப் பார்த்தேன்.
மூன்று வருடமாகக் கதவுக்கு முதுகைக் காட்டித்தான்
சம்பாதித்திருக்கிறேன்.
சம்பாதித்ததும் அந்த அழகில்தான் இருக்கிறது.

மேசையை இழுத்தேன்.
கீழ்வீட்டு மிஸஸ் தியோ
துடைப்பக்கட்டையால் இரண்டு இடி இடித்தாள்.
அது எந்தத் திசையின் சக்தி
கையேட்டில் இல்லை.

முதுகுக்குச் சுவர் வேண்டுமாம்.
எனக்கு வாய்த்தது ஜன்னல்.
அதற்குப் பின்னால் வெறும் உயரம்,
சேற்றுநிறக் கடல்,
வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு
லாரிகள் ஊரும் பாலம்.

மறுநாள் வீடியோ அழைப்பில் கூய் கேட்டார்:
மிஸ் குஞ்சரி, உங்க முகம் எங்க?
கறுப்பா ஒரு உருவம்தான் பேசுது.
'ஆளுமை மிக்க இருக்கை' என்று
அதற்கு நேற்றுத்தான் பெயர் வைத்திருந்தேன்.

பக்கம் பதினொன்று:
தென்கிழக்கு செல்வ மூலை, தண்ணீர் வைக்கவும்.
ஈப்போவிலிருந்து தங்கை நளாயினி கத்தினாள்:
அது அக்கினி மூலைக்கா!
தண்ணிய வச்சா வீடு விளங்குமா?

அந்த மூலையில் இருப்பது ஒரே ஒரு பிளக்.
மின்கெண்டியைக் கொண்டுபோய் வைத்தேன்.
தண்ணீரும் ஆச்சு, நெருப்பும் ஆச்சு.
இரண்டு சாஸ்திரமும் சேர்ந்து கொதித்ததில்
ஒரு கோப்பை மைலோ.

நான்கு என்றால் சாவு என்றது
பக்கம் பத்தொன்பது.
முதல் பாதி வேலைக்கான பில்லை
நூற்று நான்கை விட்டுத் தாண்டி
நூற்று ஐந்து என்று எண் போட்டு அனுப்பினேன்.
கூய் கடைக் கணக்கர் நோர் அஸ்லிண்டா
மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள்:
நூற்று மூன்றுக்குப் பிறகு நூற்று ஐந்து வந்திருக்கிறது.
நடுவில் ஒன்று காணோம்.
கிடைக்கும்வரை பணம் நிறுத்தம்.

கிடைக்கும்வரை
மூன்றுகால் தவளை வாயில் காசோடு
அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.
ஆன்லைனில் பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு.
கதவைப் பார்த்து வைக்கக் கூடாதாம்,
காசு துள்ளி வெளியே போய்விடுமாம்.
என்னைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன்.
இருவரும் இமைப்பதில்லை.

வேலை முடிந்துவிட்டது, ஒரு சொல் தவிர.
கையேடு முழுக்க மஞ்சள் பூசி விட்டுவைத்திருக்கும்
அந்தச் சீனச் சொல்: சி.
பிராணன் என்றால் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிறது.
சக்தி என்றால் தீமிதிக்கு ஆள் சேர்க்கிற மாதிரி.
ஆற்றல் என்றால்
ஐந்தாம் ஆண்டு அறிவியல்.

ராத்திரி ஒரு மணிக்குக்
கடல் பக்கமிருந்து மழைக்கு முந்திய காற்று,
கேட்காமல் கொள்ளாமல்
என் கழுத்தின் பின்புறம் தொட்டு,
மேசையில் இருந்த தண்ணீர் பில், மின்சார பில்
எல்லாவற்றையும் ஒரு புரட்டுப் புரட்டி,
கதவிடுக்கு வழியே நடைபாதைக்குப் போய்
எதிர்வீட்டுச் சிவப்புக் காகித விளக்கை
லேசாக ஆட்டிவிட்டு
அடங்கியது.

உயிர்க்காற்று, என்று அடித்தேன்.

நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் ஒரே சொல்.

பக்கம் ஏழு ஞாபகம் வந்தது:
எதையும் நெருக்கி வைக்காதீர்கள்.
இடைவெளி உள்ள இடத்தில்தான்
செல்வம் நுழையும்.

கட்டைவிரல் ஒரே தட்டு.
உயிர்க் காற்று.

கையேடு முழுக்க அறுபத்திரண்டு இடம்.
அத்தனையையும் மாற்றச் சொன்னேன் கணினியிடம்.
பதினோரு வெள்ளி பதினாறு சென் கூடுதல்.
கணவாயோடு
ஒரு நாசி கண்டார்.