அறுநூற்றைம்பது வாட்

சீட்டு விழுந்த அன்று
ஐஸ் பிளாண்ட் பில் புத்தகத்தின் கடைசித் தாளைத் திருப்பி
அறுபத்தையாயிரம் என்று எழுதினேன்.
கீழே ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே நாலு மாதம் எதுவும் தங்கவில்லை.
எழுதியதை அடித்தேன்,
அடித்ததை மறுபடி எழுதினேன்.
பிராசசரை உயர்த்தினால் கிராபிக்ஸ் கார்டு இறங்குகிறது,
கார்டை உயர்த்தினால் மானிட்டருக்குக் காசில்லை,
ஒரே போர்வைக்குள் மூன்று பேர் புரண்டு படுப்பதுபோல.

நாகர்கோவில் கடையில் ஷைஜின்
கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தட்டிக் காட்டினான்.
ஏழு நிறம் மாறும் விசிறிகள்,
கோட்டாறு திருவிழாச் சப்பரம் உள்ளே புகுந்ததுபோல.
"கொள்ளாம்லா?"
கொள்ளாம்தான்.
ஆனால் குளச்சலில் என் ஜன்னல் கடலைப் பார்த்தது.
கிரில் கம்பி இரண்டே வருஷத்தில் செதில் செதிலாய் உதிரும்.
சுவர்க் கடிகாரத்தில் பேட்டரி முனை பச்சை பூக்கும்.
நிறம் மாறும் எதையும் நான் நம்புவதில்லை.

"பவர் சப்ளைய மொதல்ல காட்டு."
"எல்லாரும் கடைசியில கேக்கதுல்லா அது?"
எல்லாரும் ஐஸ் பிளாண்டுக்குப் பின்வீட்டில் இல்லையே.
பெரிய கம்ப்ரசர் பிடிக்கும்போது
தெரு முழுக்க டியூப்லைட் கண்ணை மூடித் திறக்கும்.
அந்த ஓர் இமைப்பில் செத்த ஃபிரிட்ஜ்களை
வீட்டுப் பெயரோடு எனக்குத் தெரியும்.

அறுநூற்றைம்பது வாட். பத்து வருஷ வாரன்ட்டி.
ஒன்பதில் ஒரு பங்கு காசு,
ஒரு காட்சியைக்கூட வேகமாக்காத கறுப்புப் பெட்டிக்கு.

போர்டு புது சாக்கெட்.
பிராசசரோ அதில் உட்காருகிறவற்றில் ஆகக் கடைசி.
சவம் கெடக்கட்டும்,
நாலு வருஷம் கழித்து அதை மட்டும் எழுப்பி
நல்ல ஒன்றை உட்கார வைக்கலாம்.

கார்டுதான் எட்டவில்லை.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பழையது விற்கும் கடை. பன்னிரண்டாயிரம்.
"ஒரு நர்சு பிள்ள சவுதிக்குப் போம்போ குடுத்தது,
புத்தம் புதுசு மாதிரி."
ஸ்குரூ டிரைவர் கேட்டேன்.
முகம் சுருங்கியது, தந்தார்.

விசிறியைக் கழற்றினால் அடியில் மணல்.
ஆற்று மணல் இல்லை.
கறுப்பும் சிவப்பும் கலந்து மினுங்குகிற
மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணல்.
ஸ்குரூ தலைகளில் துரு தொடங்கியிருந்தது.
தொடங்கிய இடத்திலேயே நின்றும் இருந்தது:
ஒவ்வொன்றின் மேலும்
ஒரு சொட்டு ரோஸ் நிற நகப்பாலிஷ்.

யாரோ ஒருத்தி
இரவு டியூட்டி முடிந்து வந்து,
கையில் சின்னப் பிரஷ்ஷோடு,
இதே காற்றிடம் சண்டை போட்டிருக்கிறாள்.
எந்த ஆட்டம் ஆடினாளோ. ஜெயித்தாளோ.

அதற்காக பேரம் பேசாமல் இருப்பேனா.
பதினொன்றுக்கு முடித்தேன்.

மே கடைசியில் போட்டுகள் ஒதுங்கின.
இனி இரண்டு மாதம் தடைக்காலம்.
பதினெட்டு நாள் டீசல் வாசத்தோடு வந்த ரெக்ஸின்,
என் அண்ணன், போட்டு டிரைவர்,
பெட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.
எத்தனை பிரேம் வரும் என்று கேட்கவில்லை.
"சூடாச்சுன்னா எது ஆத்தும்?"
"காத்துதான்."
"நம்ம காத்தா?"
சிரித்துக்கொண்டே போய்
கொசுவலைத் துண்டு ஒன்றை வெட்டி வந்து
விசிறி வாயில் ஒட்டினான்.

ராத்திரி பத்தே முக்கால்.
பனிமலைச் சாலையின் வளைவில் அவன் கார் சறுக்கும்போது
கம்ப்ரசர் பிடித்தது.
டியூப்லைட் கண்ணை மூடியது.
எதிர்வீட்டில் யாரோ "எளவு" என்றார்கள்.
கார் வளைவை முடித்து
வெள்ளை வெளிச்சத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.
அவன் கவனிக்கவே இல்லை.

ராம் ஸ்லாட் இரண்டு காலி.
அடுத்த சீட்டு தையில்.
பில் புத்தகத்தில் கோட்டுக்குக் கீழே
அடிக்காத வரி இப்போது ஒன்றுதான்:
நகப்பாலிஷ், சின்னது, முப்பது ரூபாய்.