கோரிக்கை எண் பதினேழு

எழுபத்தைந்து வருஷம் இருந்ததற்கு
அத்தாட்சி கேட்டார்கள் உசிலம்பட்டியில்.
பளியர் என்று சாதிச் சான்று இருந்தால்
அது வேண்டியதில்லையாம்.
சான்று கேட்டுப் போனால்
எந்த இடத்தில் இருக்கிறீர்கள், பட்டா எங்கே என்றார்கள்.
இரண்டு மேசைக்கும் நடுவே
ஐந்து மழைக்காலம் நடந்தோம்.

குருவம்மா கிழங்குக் குழியைக் காட்டினாள்.
வள்ளிக்கிழங்கைத் தோண்டினால்
தலையைக் கிள்ளிக் குழியிலேயே விட்டு
மண்ணைத் தள்ளி மூடுவோம்.
அடுத்த மழைக்குக் கொடி மறுபடி ஏறும்.
அவள் மாமியாரின் மாமியார் தோண்டிய குழி.
சர்வேயர் குனிந்து பார்த்தார்.
"குழியில தேதி இல்லையேம்மா."
கேலியாகச் சொல்லவில்லை.
அவருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது.

தேன்பாறைக்குக் கூட்டிப்போனோம்.
கொடிக்கயிறு உரசி உரசி
விளிம்பில் விழுந்த தடம்,
விரல் நுழையும் ஆழம்.
மேலே நின்று கயிறு பிடிப்பவன்
எப்போதும் பெண்டாட்டியின் தம்பிதான்.
அக்கா புருஷனைக் கைவிட யாருக்கு மனசு வரும்?
எத்தனை மச்சான்கள் பிடித்தால்
கொடி கல்லை அறுக்கும், கணக்குப் போடுங்கள் என்றேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வனக்காவலர் வேறொரு கல்லைக் காட்டினார்.
நம்பர் வெட்டிய எல்லைக்கல்.
அதற்கு அந்தப் பக்கம் சர்க்கார் காடு.
நட்டவன் கப்பலேறிப் போய்
எத்தனையோ காலம் ஆயிற்று.
கல்லுக்கு மட்டும்
வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் மதுரை.
முதல் பஸ்ஸில் நான், குருவம்மா,
எங்கள் குழுவில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வீரணன்.
கலெக்டர் ஆபீஸ் ஆவண அறையில்
சிவப்புத் துணி மூட்டைகள், பூச்சிமருந்து வாடை.
குருவம்மாவுக்குத் தும்மல் நிற்கவேயில்லை.
மூன்றாம் தடவை போனபோது
பாக்கியநாதன் என்கிற எழுத்தர்
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
பூதக்கண்ணாடியோடு ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.
இங்கிலீஷ் எழுத்து,
மையில் விழுந்த எறும்பு நடந்த மாதிரி.
மெதுவாகத் தமிழில் சொன்னார்:

கோரிக்கை எண் பதினேழு.
பளியன் ஒருவன், பெயர் சடைமொக்கன்.
தன் ஆட்கள் என்றைக்கும் இந்த மலையில்
இருந்ததாகச் சொல்கிறான்.
தேன், கிழங்கு, ஊற்று, புதைத்த இடம் கேட்கிறான்.
எழுத்து ஆதாரம் ஏதும் இல்லை.
நிராகரிக்கப்பட்டது.
கீழே கையெழுத்து. வருஷம்
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பது.

வீரணன் வெளியே போய் நின்றுகொண்டான்.
அப்போதே இல்லை என்றுவிட்டார்களா என்றான்
வாசல் வேம்பிடம்.
குருவம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"இல்லைன்னு சொன்னானே சாமி,
யார்கிட்ட சொன்னான்?"

பாக்கியநாதன் பதில் சொல்லவில்லை.
அந்தப் பக்கத்தை
இன்னொரு தடவை படித்தார், வாய்க்குள்.
அப்புறம் ஒரு ஸ்டூலை இழுத்து
அவளை உட்காரச் சொன்னார்.

சடைமொக்கா,
அந்தத் துரை முன்னால்
எவ்வளவு நேரம் நின்றாய்?
குடிக்கத் தண்ணீர் கொடுத்தானா?
தோற்றுத் திரும்பி மலையேறும்போது
உனக்குத் தெரிந்திருக்காது,
அவன் புத்தகத்துக்குள்
தலையைக் கிள்ளி
நீ விட்டுவிட்டு வந்தது.

நகலுக்குப் பணம் கட்டினோம்.
உண்மை நகல் என்று முத்திரை விழுந்தது.
பஸ்ஸில் குருவம்மா அதை
முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

புதிய படிவத்தில் நம்பர் கேட்ட இடத்தில்
பதினேழு என்று போடச் சொன்னேன் வீரணனை.
நம்பரெல்லாம் நாங்கள்தான் போடுவோம் என்று
உசிலம்பட்டியில் குறுக்கே கோடு இழுத்தார்கள்.
விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.
கோட்டுக்கு அடியில்
பதினேழு தெரிகிறது.