ஏழாம் வரைவு

பீல் நகரில் தெருப்பெயர்களை இரண்டு முறை எழுதுவார்கள்.
எங்கள் கொள்கையும் அப்படித்தான்:
இடப்பக்கம் ஜேர்மன், வலப்பக்கம் பிரெஞ்சு,
நடுவில் ஒரு வெள்ளை இடைவெளி.
குறிப்பெடுக்கும் நான் அதில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் மூன்று கூட்டங்கள் தலைப்பிலேயே போயின.
தகவலைத் தேடவும் சலிக்கவும் தெரிவது
ஒரு திறன் என்றார் ரெகுலா எஷ்லிமான்;
திறன் என்றால் மதிப்பெண் போடலாம்.
இல்லை, பண்பாடு என்றார் திதியே வூமார்;
பண்பாட்டுக்கு யாரும் தேர்வு வைப்பதில்லை.
எனக்குள் தமிழில் தேடினேன்.
தீர விசாரிப்பது என்று வந்தது.
சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் பழமொழிக்கு
அடிக்குறிப்புக் கேட்டிருப்பார்கள்.

நான்காம் வரைவில் "வேண்டும்".
ஐந்தில் அதை அடித்து "ஊக்குவிக்கப்படுகிறார்கள்".
ஆறில் மறுபடி "வேண்டும்";
மாணவர் பிரதிநிதி வராத நாள் அது.

இதற்கிடையில் மரப் பொறியியல் கூடத்தில்
இவோ ட்ஷான்ஸின் உத்தரம் முறிந்தது.
ஸ்ப்ரூஸ் மரம், நாலு மீட்டர்.
கணக்குப்படி இன்னும் தாங்கியிருக்க வேண்டும்.
யாருக்கும் காயமில்லை; சத்தம் மட்டும்
இரண்டு மாடி ஏறி வாசிப்பறை வரை வந்தது.
கணக்குச் சரி. போட்ட எண் பிழை.
"எங்கிருந்து எடுத்தாய்?"
"மூன்று இடத்தில் அதே எண்தான் இருந்தது."
மூன்று இடம் பார்த்தால் போதும் என்று
பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான்.

முன்னுரையில் இதைப் போடலாம் என்றார் ரெகுலா,
கொள்கை ஏன் தேவை என்பதற்கு.
போடுமுன் பார்த்துவிடுகிறேன் என்று
அந்த எண்ணின் வாலைப் பிடித்தேன்.

முதல் இடம் இரண்டாவதைப் பார்த்து எழுதியது.
இரண்டாவது, வாய் திறக்காமல், மூன்றாவதை.
மூன்றாவது யாரோ ஒருவருடைய முதுகலை ஆய்வு;
ஒழுங்கான மனிதர், பக்க எண்ணோடு காட்டியிருந்தார்
ஒரு பழைய மரப் பட்டியலை.
மின்பிரதி: எங்கள் நூலகம்.

நிலவறைக்கு இறங்கினேன்.
அசல் இருந்தது, பழுப்புத் தாளில், பசை வாசத்தோடு.
அதில் 13.
எங்கள் பிரதியில் 18.
ஸ்கேனர் கண்ணாடியில் ஒரு தலைமயிர்
நெடுக்காக விழுந்திருக்கலாம்.
மூன்றுக்கு இரண்டு வாய்,
இரண்டையும் மூடிவிட்டிருக்கிறது.

உள்ளே செருகியிருந்த சீட்டில் ஓர் ஆகஸ்ட் தேதி.
சரிபார்த்தவர் என்ற கட்டத்தில்
என் கையெழுத்து.
இருபது வயது, விடுமுறை வேலை,
இத்தனை பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
அன்று ஏரிக்குப் போக அவசரப்பட்டேனா,
நினைவில்லை.
அவசரப்பட்டேன் என்றே வைத்துக்கொள்கிறேன்.
தலைமயிரும் என்னுடையதாகவே இருக்கட்டும்.

ஏழாம் கூட்டம். ஜுரா மலையை மூடுபனி தின்றிருந்தது.
நான்காம் பிரிவை வாசித்தார்கள்:
மாணவர்கள் தாம் பயன்படுத்தும் மூலங்களைச்
சரிபார்க்க வேண்டும்.
குறிப்பெடுப்பவள் பேசுவது வழக்கமில்லை.
ஓர் "உம்" சேர்க்க வேண்டும் என்றேன்.
மாணவர்களும், ஆசிரியர்களும், நூலகமும்.
தமிழில் அது சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும்.
ஜேர்மனில் ஒரு வரி பிடித்தது,
பிரெஞ்சில் ஒன்றரை.

இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தேன்.
வூமார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தார்.
ரெகுலா கையெழுத்தை மட்டும் பார்த்தார்.
"இதையும் குறிப்பில் எழுதப்போகிறீர்களா?"
எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஒன்பதுக்கு நான்கு. நிறைவேறியது.
நிதி, அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

இவோ இழந்த மதிப்பெண் பற்றி
எந்தப் பிரிவிலும் ஒன்றுமில்லை.
கேட்டு எழுதியிருக்கிறேன், இரண்டு மொழியிலும்.
முறிந்த உத்தரத்தில் ஒரு துண்டை அறுத்து
அவன் கொண்டுவந்து தந்தான், ஏனென்று சொல்லாமல்.
வாசிப்பறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்,
நார் பிய்ந்த பக்கம் வெளியே தெரிய.
இதுவரை இரண்டு பேர் தடுக்கியிருக்கிறார்கள்.
ஒருவர் ரெகுலா.