செத்தவன் பிளேன்டீ குடிக்கிறான்

முதல் சண்டையிலேயே வெட்டுப்பட்டு விழுந்தவன்
இடைவேளைக்குக் கொஞ்சம் முன்
கடை வாங்கில் உட்கார்ந்து
பிளேன்டீ குடிக்கிறான்.
அதே மீசை. அதே கட்டம்போட்ட சாரம்.
நாயகனுக்குத் தெரியவில்லை. இயக்குநருக்கும்தான்.

இதை ஒருநாள் யாருக்கென்றில்லாமல் எழுதினேன்.
முன்பின் அறியாத ஒருத்தி பதில் போட்டாள்:
"கடைசிக் கல்யாண ஊர்வலத்தில
குடை பிடிச்சிட்டுப் போறதும் அவன்தான்."

அப்படி வந்தவள் பஸ்மினா.
அக்கரைப்பற்றில் மருந்துக்கடை வேலை,
இரவு பத்துக்குத்தான் கதவு சாத்துவாள்.
முகம் தெரியாது.
தோடு நல்லாயிருக்கா என்று கேட்க
ஒரு காதை மட்டும் படமெடுத்து அனுப்பியிருந்தாள்.

எனக்குப் புறக்கோட்டையில் வேலை.
கொள்கலன் இலக்கம் பதிவது:
நாலு எழுத்து, ஏழு எண்.
ஒன்று பிசகினால் யாரோ ஒருவரின் வெங்காயம்
துறைமுகத்தில் அழுகும்.
பிசகவிட்டதில்லை, இரண்டு தரம் தவிர.
விஜேசூரிய மாத்தயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"ஹரித, மிஸ்?" என்பார்.
"ஹரி, சேர்" என்பேன்.
பகல் முழுக்க நான் பேசியதைக் கூட்டிப் பார்த்தால்
பாதி இதுவாகத்தான் இருக்கும்.

மிச்சப் பேச்சு இரவுக்கு.
வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி அறை,
கடலோர ரயில் போனால் கட்டில் கால் நடுங்கும்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி
ஒரே நேரத்தில் படத்தைத் தொடங்குவோம்.
அவளுக்கு நாலு விநாடி பிந்தித்தான் ஓடும்.
நான் சிரித்து முடித்த பிறகு
அவள் சிரிப்பு எழுத்தில் வரும்.
சாவு வரும் இடம் மட்டும்
அவளுக்கு முன்னமே தெரிந்துவிடும்,
நான் எழுதுவதை நிறுத்திவிடுவதால்.

போன மாசி மாதம் பாஸ்போர்ட் எடுக்க
பத்தரமுல்லைக்கு வந்தாள், ஒருநாள் சேவை.
"காலையில குடுத்தா பின்னேரம் கிடைக்குமாம்.
நடுவில ஒரு படம்?"
பல்வலி என்று அரைநாள் லீவு போட்டேன்.
தில்ருக்ஷி இரங்கி ஒரு கராம்பு தந்தாள்,
பொய்யோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

தியேட்டரில் பன்னிரண்டு பேர், பொல்லாத குளிர்.
பக்கத்துக் கதிரையில் அவள்.
நினைத்ததைவிட உயரம், நினைத்ததைவிடச் சின்னக் குரல்.
"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.
மூன்று வருஷம் அடியே என்று எழுதிய கை
மடியில் கிடந்தது.
சிரிப்பு வரும் காட்சி வந்தது.
நான் பழக்கதோஷத்தில்
அவளுடைய நாலு விநாடிக்குக் காத்திருந்தேன்.
அவள் நான் தொடங்கட்டும் என்று இருந்திருக்கிறாள்.
ஒருவரும் சிரிக்காமலே அந்த இடம் போய்விட்டது.

இடைவேளையில் மாலுபாண். காசு கொடுக்க
இரண்டு பேரும் இழுபட்டோம், அவள் வென்றாள்.
படம் முடிந்து பஸ் வந்ததும்
கொண்டக்டர் அவளை உள்ளே அள்ளிப் போட்டுக்கொண்டார்.
சரியாகக் கைகூடக் காட்டவில்லை.

பம்பலப்பிட்டி தாண்டவில்லை, போன் அதிர்ந்தது:
"ஆஸ்பத்திரிக் காட்சியில
வண்டில் தள்ளினவனைப் பாத்தியாடி?"
"பாத்தன்டி. மீசையை மழிச்சிருக்கிறான்.
பக்கத்தில இருந்து சொல்ல ஒரு மாதிரிக் கிடந்தது."
"எனக்கும்."
நின்றபடி, முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்க்க,
சத்தமாகச் சிரித்தேன்.

இப்போது அவள் தோஹாவில்.
நாலு விநாடி இரண்டரை மணித்தியாலம் ஆகிவிட்டது.
அவள் கடை சாத்தும் நேரம் நான் தூங்கியிருப்பேன்.
அந்தப் பக்கமிருந்து வரும் பெட்டிகளின் எண்ணை
ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்க்கிறேன்,
யாரும் சொல்லவில்லை.

இன்று வேலை விட்டு வர மழை.
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு பொடியன்
தன் பெட்டையை நனையவிட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.
சுற்றிப் போகலாம். போகவில்லை.
அவர்களுக்குப் பின்னால்
இடமிருந்து வலமாக நடந்து போனேன்.

அவளுக்கு எழுதினேன்: இண்டைக்கு நான் குடை பிடிச்சன்.
பதில் இன்னும் இல்லை.
அங்கே மத்தியானம், கடையில் சனமாயிருக்கும்.