இரண்டும் ஒரே கறுப்பு

ஏகாம்பரம் வீதி. உயர்தரச் சோதினைக்கு
இன்னும் பத்தொன்பது நாள்.
விடிந்ததிலிருந்து மெஷின் சூடு.
"நாலு பக்கத்தை ஒரு தாளுக்குள்ள ஒடுக்குங்கோ அண்ணா,
காசு மிச்சம்."
ஒடுக்குவேன்.
எழுத்து எறும்பாகும், எறும்பு புள்ளியாகும்,
புள்ளிக்கும் மஞ்சள் பேனா பூசிப்
பாடமாக்கும் பிள்ளைகள்.

கிண்ணியாவிலிருந்து வரும் சிஃப்னா
நேற்று எடுத்த தாளோடு திரும்ப வந்து நின்றாள்.
"இந்தக் கறுப்பு மலையா அண்ணா, கடலா?"

தயாநிதி மிஸ் தந்த மூலப் படத்தில்
மலைக்குக் கபிலம், உயர உயர அடர்த்தி.
கடலுக்கு நீலம், தாழத் தாழ அடர்த்தி.
என் மெஷினுக்குத் தெரிந்த நிறம் ஒன்று.
கோணேசர் மலையின் தலையும்
துறைமுகத்தின் அடியும்
ஒரே மையில் படுத்துக் கிடந்தன.
எது எதுவென்று சொல்லும் குறிவிளக்கம்
வேறு தாளில்,
அந்தத் தாள் வேறு கட்டில்.

"நாளும் பாலத்தால வாற பிள்ளைக்கு
கடல் எதெண்டு தெரியாதா?"
பகிடியாகத்தான் கேட்டேன்.
"பாலத்துல வரக்குள்ள தெரியுது.
சோதின தாள்லதானே வருது."

பதில் இல்லை.
நல்லவேளை, மெஷின் தாள் கேட்டுக் கத்தியது.

இரவு, கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு
நீலப் பென்சிலால் கொட்டியார் குடாவை நிரப்பினேன்.
அழகாய்த்தான் இருந்தது.
கண்ணாடியில் கவிழ்த்து அமர்த்த
மறுபடி கறுப்பு.
தனியே இருந்து சிரித்தேன்.

பிறகு நீலத்தை விட்டேன்.
கடலுக்கு அலைக்கோடு, ஆழமான இடத்தில் நெருக்கி.
மலைக்கு நேர்க்கீறல், செங்குத்தில் நெருக்கி.
குறிவிளக்கத்தை வெட்டி
வெறுமையாய்க் கிடந்த மூலையிலே ஒட்டினேன்.
ஒரு தாளில் ஒரு படம், ஒடுக்காமல்.
கொப்பியின் கொப்பியின் கொப்பி எடுத்தும் பார்த்தேன்:
அலை அலையாகவே வந்தது.

காலையில் மிஸ்ஸுக்கு முகம் சிவந்தது.
"ஆர் என்ர படத்தில கிறுக்கினது?"
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி,
விரலால் ஒரு அலையைத் தொட்டுக்கொண்டு போய்
கீறலில் நின்றார்.
அதிக நேரம் நின்றார்.
"அறுபத்திரண்டு எடுங்கோ."
"ஒடுக்கியோ?"
"ஒடுக்காமல்."

சிஃப்னா தன் தாளை வாங்கிக் கேள்வியில்லாமல் போனாள்.
அவளுக்குப் பின்னால் நின்ற பொடியன்
சில்லறையை இரண்டு தரம் எண்ணினான்.
"அண்ணா, இதையும் நாலை ஒண்டா அடிக்கலாமே?"

அடிக்கலாம் என்றேன்.
அடித்தும் கொடுத்தேன்.
அலையெல்லாம் எறும்பு.