தொடர எஃப் ஒன்றை அழுத்தவும்

சம்மாந்துறை மில்லில் இருந்து அழைப்பு:
"புள்ள, கொம்பியூட்டருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு."
கல்முனையில் கடையைப் பூட்டி
ஸ்கூட்டியை எடுத்தேன்.
வழி நெடுக, ரோட்டில் பாதியை மறித்துக் காயும் நெல்.
அதைச் சுற்றித்தான் பஸ்ஸும் போகிறது.

தராசு அறை.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து:
சிமோஸ் செக்சம் பிழையாம்,
திகதியும் நேரமும் வைக்கவில்லையாம்,
தொடர எஃப் ஒன்றாம்.
கிளாக்கர் தவேந்திரராசா அழுத்தினார்,
நுளம்பு அடிக்கிற லாவகத்தில்.
எட்டு மாசப் பழக்கம்.

இரவில் மெயினை இறக்கிவிட்டுத்தான்
முதலாளி உதுமாலெப்பை வீட்டுக்குப் போவார்;
கரண்ட் பில் அப்படி.
விடிய எழும்பும் பெட்டிக்கு, என்றைக்கும்,
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.

கிளாக்கர் திகதி மாற்ற மறந்த ஒருநாள்
அச்சான துண்டோடு வந்து நின்றாராம்
ஆதங்கண்டுப் போடியார்:
"நான் விதைநெல் கடன் எடுத்தது
இதுப்படி பதினஞ்சு வருசத்துக்கு முந்தி.
அப்ப உங்கட மில்லுக்கு அத்திவாரமும் வெட்டல்ல.
இல்லாத மில்லுக்கு நான் எப்பிடிக் கடன்காரன், என்னகா?"
முதலாளி சிரிக்கவில்லை.
உமிக் குவியலுக்குப் பின்னால் போய்
கிளாக்கர் சிரித்திருக்கிறார்.

பிளக்கைக் கழற்றி மூடியைத் திறந்தேன்.
உள்ளே அரைச் சுண்டு தவிடு, ஒரு பல்லி முட்டை.
ஒரு ரூபாக் குத்தி அளவில் அந்தப் பற்றரி;
மீற்றரில் ஒன்று தசம் ஏழு.
செத்ததுதான்.
புதியது போட்டேன், மூன்று தசம் ஒன்று.
நேரம் வைத்தேன், சேமித்தேன்,
மெயினை இறக்கிவிட்டுத் தேத்தண்ணி குடித்தோம்.
ஏற்றினேன்.

ஜனவரி ஒன்று.

"பற்றரிக்கு எவ்வளவு மகள்?" என்றார் முதலாளி
வாசலில் இருந்து.
காதில் விழாததுபோல் இருந்தேன்.

"இந்த வருசத்துக்குள்ள நாளாந்தம்
நான்தான் முதல் ஆளாப் போய் வாறன்"
என்றார் தவேந்திரராசா, திரையைப் பார்த்தபடி.
அந்த ஜனவரியில் அவர் எங்கே இருந்தார் என்று
நான் கேட்கவில்லை.
நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு.
அவரும் என்னிடம் கேட்கவில்லை.

போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன்.
பற்றரிக்கு அடியில் ஒரு தகட்டு நாக்கு
அமுங்கிப் படுத்துக் கிடந்தது.
முன்பு எவனோ அவசரத்தில்
ஸ்குறூ டிறைவரால் நெம்பியிருக்கிறான்.
மேலே முழு உயிரோடு பற்றரி,
கீழே நாக்கு,
நடுவில் ஒரு மயிரிழை.
எட்டு மாசமும் அந்த மயிரிழைக்குள் போயிருக்கிறது,
போடியாரின் கடனும்.

சாமணத்தைக் கடையில் விட்டு வந்திருக்கிறேன்.
முக்காட்டில் இருந்து ஊசியை உருவினேன்,
கல்முனைச் சந்தையில் வாங்கிய முத்துக் கொண்டை ஊசி.
ஒரு கையால் துணியைத் தாடையோடு பிடித்து
மறுகையால் நாக்கை நிமிர்த்தினேன்,
பனையான் மீனில் முள் எடுக்கிற பொறுமையில்.
தவேந்திரராசா
தராசில் ஏறாத ஏதோ ஒரு மூடையை
வெளியே பார்க்கத் தொடங்கினார்.
முக்காட்டைச் சரிசெய்து நான் இருமும்வரை
திரும்பவே இல்லை.

மெயினை இறக்கினோம்.
இம்முறை தேத்தண்ணி இல்லை.
ஏற்றியதும் பெட்டி ஒருதரம் கீச்சென்று
நேரே உள்ளே போனது.
அவர் விரல் மட்டும் எஃப் ஒன்றின் மேல்
போய் நின்றது, கேள்வி வராத இடத்தில்.

"என்ன, சரியாப் போச்சா?"
முதலாளியின் முதல் வேலை
போடியாருக்குப் போன் எடுத்தது.

நான் பில் புத்தகத்தை விரித்தேன்.
பற்றரி இருநூற்றைம்பது, கூலி ஆயிரம்.
ஊசியை எழுதவில்லை.
திகதி என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது.
"இண்டைக்கு என்ன திகதி அண்ணன்?"

சற்று முன் அதை வைத்தது நான்தான்.
ஆனாலும் இரண்டு பேரும்
திரையின் மூலையைத்தான் பார்த்தோம்.